விளையாடும்போது மட்டும் அணைவது

செத்துப்போன அண்ணனின் கம்ப்யூட்டர் புகழேந்தியிடம் ஒரே ஒரு வம்புதான் செய்தது. விளையாடும்போது மட்டும் அணைந்தது. படம் பார்த்தால் அணையாது. பாட்டுக் கேட்டால் அணையாது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் குதித்து, எதிரி ஜன்னலில் தலையை நீட்டுகிற நேரம் பார்த்துத் திரை பட்டென்று கறுத்துப்போகும். முன்னறிவிப்பு கிடையாது. பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடிகள் இரைச்சல் குறைந்து நின்றுபோகும். அதே நேரத்தில் தலைக்கு மேலே அதுவரை சோம்பிக் கிடந்த ஃபேன் திடீரென்று வேகமெடுத்துச் சுழலும். யாரோ உள்ளே வந்து அதை முடுக்கிவிட்டது போல இருக்கும்.

அண்ணன் எழிலரசன் போன சித்திரையில் செத்தான். திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய தெருவில் அவர்கள் வீடு. அப்பா எப்போதோ போய்விட்டார். எழிலரசன் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போட்டான். நடவுக்கும் அறுப்புக்கும் இடையில் தெருவில் யார் வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் ஸ்க்ரூடிரைவரோடு போவான். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு ஒரு அறை கட்டினான். ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்துக் கம்ப்யூட்டரைப் பூட்டினான். வயலிலிருந்து வந்ததும் காலைக் கழுவிக்கொண்டு அங்கேதான் போய் உட்காருவான்.

தம்பி புகழேந்தி அப்போது சென்னையில் இருந்தான். அமெரிக்காக்காரர்களின் பிரிட்ஜ் ஏன் குளிரவில்லை என்ற கேள்விக்கு ராத்திரி முழுக்க டைப் அடித்துப் பதில் சொல்லுகிற வேலை. அண்ணன் செத்து சில மாதம் கழித்து ஒரு விடிகாலையில் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். ஐடி கார்டை அதன்மேல் போட்டான். ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். துக்கத்தால் வேலையை விட்டதாகத் தெருவில் சொல்லிக்கொண்டார்கள். அவன் மறுக்கவில்லை. உண்மையில் பிரிட்ஜ் பேச்சுதான் அலுத்துப்போயிருந்தது.

அண்ணன் செத்த விதத்தைத் துக்கம் கேட்க வந்த எல்லோருக்கும் அம்மா அம்சவல்லி ஒரே மாதிரிதான் சொன்னாள். சாயங்காலம் ரூமில் விளையாடிக்கொண்டிருந்தான். கரண்டு போச்சு என்று சொல்லிக்கொண்டே கொல்லைக்குப் போனான். கரண்டு வந்துவிட்டது. அவன் வரவில்லை. போய்ப் பார்த்தால் அடிபம்பு அடியில் குப்புறக் கிடந்தான்.

நெஞ்சு அடைத்துவிட்டது என்று ஊரில் முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் உடம்பை அறுப்பார்கள் என்று பெரியவர்கள் பயந்தார்கள். மறுநாள் பொழுது ஏறுவதற்குள் ஆற்றங்கரையில் வைத்து எரித்துவிட்டார்கள். சென்னையிலிருந்து புகழேந்தி வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது.

ஊருக்கு வந்தவன் கையில் அம்மா பின்னறைச் சாவியைக் கொடுத்தாள். வேறு வேலை இல்லாததால் அவன் ஆன்லைன் ஆட்டத்தில் அண்ணனின் கணக்கிலேயே உள்ளே போய் விளையாட ஆரம்பித்தான். அண்ணன் அங்கே வைத்துக்கொண்ட பேர் டெல்டா. முதல் நாளே காதுக்குள் ஒரு காரைக்கால் பையன் கத்தினான். "டேய், டெல்டா அண்ணன் வந்துட்டாருடா. ரெண்டு நிமிசம், ஒயரக் கட்டிட்டு வர்றேன்னு வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டுட்டுப் போன மனுசன், வருசம் முடியப் போறப்ப வர்றாரு." மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அவர் தம்பி, அவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்த புகழேந்தி, சொல்லாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். இரண்டாவது ஆட்டத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது.

அப்போது அம்சவல்லி வாசற்படியில் நின்றிருந்தாள். கறுத்த திரையைப் பார்த்தாள். வேகமெடுத்த ஃபேனைப் பார்த்தாள். "உங்கண்ணன் போதும் எந்திரிடாங்குறான்" என்றாள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் பெட்டியின் நெற்றியில் விபூதி இருந்தது. அடுத்த வாரம் பின்னறைக்கு இரண்டு தட்டில் இட்லி வந்தது. ஒரு தட்டை மேஜை ஓரம் வைத்துவிட்டுப் போவாள். ஆறி வறண்ட பிறகு எடுத்துக் கோழிக்குப் போடுவாள். அவள் சாப்பாடு குறைந்துகொண்டே போனது. ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. பகலெல்லாம் ஒரு வார்த்தை பேசாதவள் சாயங்காலம் ஆனால் வந்து, இன்னைக்கு ஆடலையா என்று கேட்பாள். ஆடச் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுவாள். இந்தப் பெட்டியைச் சரி பண்ணாவிட்டால் அம்மாவும் அண்ணன் பின்னாலேயே போய்விடுவாள் என்பது புகழேந்திக்குத் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் சூடு என்று நினைத்தான். பக்கத் தகடைக் கழற்றினால் உள்ளே அறுவடைத் தூசி பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. நெல் அறுக்கிற மிஷின் தெருவோரம் வரைக்கும் வந்து உமிழ்ந்துவிட்டுப் போகும் தூசி. பெயின்ட் பிரஷால் தட்டி ஊதினான். பிராசசர் மேலே காய்ந்து பொரிந்து கிடந்த பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசினான். சூடு காட்டும் மென்பொருளைப் போட்டுக் கவனித்தான். சூடு ஏறவில்லை. ஆனாலும் அணைந்தது. ராம் மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினான். அணைந்தது. கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைக் குறைத்து வைத்தான். கொஞ்சம் தாக்குப்பிடித்தது. பிறகு அணைந்தது.

கடைசியில் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் போனான். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவனோடு பாலிடெக்னிக் படித்த அஸார் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். விபூதியைப் பார்த்ததும் அஸார், இதைச் சரி பண்றதா இல்லை அபிஷேகம் பண்றதா என்று கேட்டான். பிறகு மேஜைமேல் வைத்து, அதை முழு மூச்சாக உழைக்க வைக்கிற சோதனையை ஓடவிட்டான். சாயங்காலம் வரைக்கும் ஓடியது. நடுவில் அஸாரே ஒரு ஆட்டம் ஆடினான். பெட்டி அசையவில்லை.

"மாப்ள, இது குதிரை மாதிரி இருக்கு" என்றான் அஸார். "உங்க வீட்டுலதான் ஏதோ இருக்கு. மந்திரிச்சுப் பாரு."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். இருந்தாலும் கரண்டு கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிவிட்டுத் தன் கடையிலிருந்த நல்ல ஒன்றை மாட்டிக் கொடுத்தான். புகழேந்தி வீட்டுக்கு வந்து ஒயர்களை மாட்டி, ஆட்டத்தைத் தொடங்கினான். காரைக்கால் பையன், அண்ணே இன்னைக்காவது கடைசி வரைக்கும் இருங்க என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். கொல்லைக் கதவில் அம்மா நின்றாள். சேலை முந்தானை நனைந்திருந்தது. முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு தெளிச்சி. கடைக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போனாயே, அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவாயோ என்று பயந்துபோனேன் என்றாள். அதைக் கேட்டதும் புகழேந்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். பேய்க்குப் பயந்து இல்லை. அம்மாவின் சந்தோஷத்துக்குப் பயந்து.

அதற்குப் பிறகு அவன் பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்க ஆரம்பித்தான். ஒன்று பிடிபட்டது. அம்மா அடிபம்படியில் துணி துவைத்து, குடம் குடமாகத் தண்ணீர் கொட்டின நாளில் கம்ப்யூட்டர் அணையவில்லை. துவைக்காத நாளில் அணைந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து மாதக் கணக்காகிவிட்டது. கொல்லை மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. காய்ந்த மண்ணுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு என்று புரியவில்லை. தண்ணீர் கொட்டுகிறவளையே கேட்டுவிடலாம் என்று, ஒரு சாயங்காலம் ஆட்டத்தை ஓடவிட்டபடியே எழுந்து செருப்பில்லாமல் கொல்லைக்குப் போனான்.

அம்சவல்லி அடிபம்பின் இரும்புக் கைப்பிடியை ஈரக் கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். தண்ணீர் அடிக்கவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பது போல நின்றாள்.

என்னம்மா பண்ற என்று கேட்டான். அவள் கண்ணைத் திறந்து, ரகசியம் வெளிப்பட்டுவிட்ட கூச்சத்தோடு பார்த்தாள். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் புடிச்சுப் பாருடா. நீ ஆடுறப்பதான் வருவான். கை ஜிவ்வுங்கும். பயப்படாத, ஒண்ணும் செய்ய மாட்டான்."

அவன் தொட்டான். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் எறும்புக் கூட்டம் ஏறியது. கையை உதறி இழுத்துக்கொண்டான். அம்மாவை இடுப்போடு பிடித்துத் தூக்கி அப்பால் நிறுத்தினான். ஓடிப்போய்ப் பின்னறையின் சுவிட்சை அணைத்தான். வந்து மறுபடி தொட்டான். இரும்பு, வெறும் இரும்பாக இருந்தது.

அறைச் சுவரின் பின்பக்கம் பழைய தென்னங்கீற்றுக் கட்டு சாய்த்து வைத்திருந்தது. விலக்கினான். சுவரிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் இறங்கி, மண்ணுக்கடியில் பதிந்து, அடிபம்பின் குழாய்க்குப் போனது. கரண்டு வருவதற்கு ஒரு கம்பி வேண்டும், திரும்பிப் போவதற்கு ஒரு கம்பி வேண்டும். அண்ணன் முன்கட்டிலிருந்து வருகிற கம்பியை மட்டும்தான் இழுத்திருக்கிறான். திரும்பிப் போகிற கம்பிக்குப் பதில் பம்புக் குழாயில் கட்டி, அந்த வேலையை மண்ணிடம் கொடுத்துவிட்டான். எர்த்து எடுப்பது என்று அந்தப் பக்கம் சொல்லுவார்கள். ஒயர் மிச்சம், கடைசிக் கம்பத்து வீடுகளில் அழுதுகொண்டு வருகிற கரண்டு இதில் துள்ளிக்கொண்டு வரும் என்று ஒரு நம்பிக்கை. மண் ஈரமாக இருக்கும்வரை துள்ளும். காய்ந்தால் மண் கரண்டை வாங்காது. கம்ப்யூட்டர் ஆட்டத்தில் அதிகமாக இழுக்கும்போது போதாமல் அணைந்துவிடும். அது இழுப்பது நின்றதும் மிச்சக் கரண்டில் ஃபேன் வேகமெடுக்கும். வாங்காத கரண்டு குழாயில் தேங்கி நிற்கும். அம்மா பிடித்துக்கொண்டு நின்றது அதைத்தான்.

குழாயைச் சுற்றியிருந்த முடிச்சை அவன் குனிந்து பார்த்தான். எழிலரசன் கட்டுகிற முடிச்சு அவனுக்குத் தெரியும். குறடால் முறுக்கி, நுனியை மடித்து, மேலே டேப் சுற்றி, கடையில் வாங்கின பொருள் மாதிரி முடித்திருப்பான். இதில் பழைய முடிச்சு துருவேறி அறுந்து தொங்கியது. அதற்கு மேலே கையால் அவசரமாகச் சுற்றின இரண்டு சுற்று. நுனி மடிக்கப்படவில்லை. டேப் இல்லை.

ரெண்டு நிமிசம், ஒயரக் கட்டிட்டு வர்றேன்.

புகழேந்தி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஆட்டத்தின் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. சீக்கிரம் திரும்பாவிட்டால் ஆட்டம் போய்விடும், கூட இருக்கிறவர்களும் தோற்பார்கள். சுவிட்சை அணைக்கக்கூடப் பொறுமை இல்லாமல் ஓடி வந்து, ஈரத்தில் நின்று, வெறும் கையால் அறுந்த நுனியைப் பிடித்துச் சுற்றியிருக்கிறான். இரண்டு சுற்று. அதற்குள் உயிர் போய்விட்டது. சுற்றின சுற்று குழாயில் ஒட்டிக்கொண்டது. அறையில் ஃபேன் ஓடத் தொடங்கியது. கரண்டு வந்துவிட்டது. அவன் வரவில்லை.

சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டு, குறடு கொண்டுவந்து ஒயரை வெட்டினான். முன்கட்டிலிருந்து இரட்டை ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தான். கரண்டு கொஞ்சம் அழுதது. ஆனாலும் ஒரு முழு ஆட்டம் ஆடி முடித்தான். அணையவில்லை. பொழுது முழுக்க ஆடினான். அணையவில்லை. கொல்லையில் அம்மா பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை நனைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து அவன் முன்னால் நின்றாள்.

அவன் மறைக்காமல் சொன்னான். மாரடைப்பு இல்லை, ஷாக்கு. அண்ணனை எமன் வந்து கூப்பிடவில்லை, அவனே கட்டின ஒயர், அவனே செத்தான். நீ தினம் பிடித்துக்கொண்டிருந்தது அவனைக் கொன்ற அதே சனியன், இன்னும் கொஞ்சம் மண் காய்ந்திருந்தால் உன்னையும் கொண்டுபோயிருக்கும்.

அம்சவல்லி அழவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் போட்ட ஒயருதானே. அப்ப அவன்தான்."

திருப்பிக் கட்டிவிடு என்றாள். மாட்டேன் என்றான். மேஜை ஓரத்திலிருந்த இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து இரண்டாவது தட்டு வரவில்லை. அவன் அதை நல்லதுக்கு என்று எடுத்துக்கொண்டான். அவன் செய்த தப்பு அதுதான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் வீட்டில் அம்மாவைக் காணோம். தெருவில் கேட்டபோது, ரெத்தினம் வீட்டுக்குத்தான் தினம் போகிறாளே என்றார்கள். ரெத்தினம் அவர்களுக்குத் தூரத்து மாமா முறை, நாலு வீடு தள்ளி இருந்தார். புகழேந்தி கொல்லை வழியாகவே நடந்தான். பாதி தூரத்திலேயே அம்மாவின் குரல் கேட்டது. ரெத்தினத்தின் மருமகள் மதிவதனியிடம், கொஞ்சலாக, கெஞ்சலாக: "கிரைண்டரக் கொஞ்சம் போடும்மா. சும்மா ஓடட்டும்."

மதிவதனி, மாவு ஆட்டி முடிச்சாச்சே பெரியம்மா என்று முனகிக்கொண்டே, இடுப்பில் குழந்தையோடு போய்ச் சுவிட்சைப் போட்டாள். அம்சவல்லி ரெத்தினம் வீட்டு அடிபம்பின் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்ததும் தோள் ஒரு குலுக்குக் குலுங்கியது. முகத்தில் அந்தத் தெளிச்சி வந்தது.

புகழேந்தி ஓடினான். அம்மாவைத் தாண்டி உள்ளே போய், மெயினையே இழுத்து அணைத்தான். பம்பின் அடியில் பார்த்தான். அதே கறுப்பு ஒயர். முறுக்கி, மடித்து, டேப் சுற்றின அழகான முடிச்சு.

சத்தம் கேட்டு ரெத்தினம் வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஏன் மெயினை அணைத்தாய் என்றார். இந்த ஒயர் என்றான்.

"எழிலு போட்டுக் குடுத்ததுதான் தம்பி" என்றார் ரெத்தினம் பெருமையாக. "எர்த்து எடுக்கலேன்னா இந்தக் கோடையில ஃபேன் எங்க ஓடும்? சாமி மாதிரி வந்து போட்டுக் குடுத்தான். கைநீட்டி ஒரு டீ காசுகூட வாங்கல."

அம்மா புகழேந்தியைப் பார்த்தாள். சொல்லாதே என்று அந்தப் பார்வை சொன்னது. இந்தத் தெருவில் அவளுடைய பெரிய மகன் நெஞ்சு அடைத்துச் செத்த நல்ல பிள்ளை. எல்லோருக்கும் விளக்கு போட்டுக் கொடுத்த பிள்ளை. இதைச் சொன்னால் அவன் தன் கையால் தன்னைக் கொன்றுகொண்ட, தெருவையே கொல்லுகிற ஒயரை வைத்துவிட்டுப் போன ஆளாகிவிடுவான்.

புகழேந்தி சொன்னான். முடிச்சையும் வாய்ஸ் மெசேஜையும் குப்புறக் கிடந்ததையும் சேர்த்துச் சொன்னான். ரெத்தினம் முதலில் கோபப்பட்டார், செத்தவன் பேரில் பழி போடாதே என்றார். பிறகு மதிவதனி மெல்லிய குரலில், துவைக்கும்போது எனக்கும் கை எரியும் மாமா, உடம்பு பலவீனம்னு நினைச்சுக்கிட்டேன் என்றாள். ரெத்தினம் பம்பை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"வேற எந்தெந்த வீட்டுல போட்டான்?" என்று புகழேந்தி கேட்டான்.

ரெத்தினத்துக்குத் தெரியவில்லை. தெருவில் பாதிப் பேர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள், எது பல்பு மாற்றினது, எது எர்த்து எடுத்தது என்று யாருக்கு நினைவிருக்கும் என்றார். ஒயர்கள் மண்ணுக்குள் இருக்கின்றன. கேட்டுப் போனாலும் கோடையில் ஃபேனை இழக்க யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தெரிந்த ஒரே ஆள் அம்சவல்லி. மகன் வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவன் கட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்தான்.

அம்மா, சொல்லு என்றான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். சொன்னால் ஒவ்வொன்றாக வெட்டுவான். வெட்ட வெட்ட அவளுடைய மகன் குறைந்துகொண்டே போவான். கடைசி ஒயரும் போனால் எங்கே போய்க் கையை வைப்பது?

அப்போது மதிவதனியின் குழந்தை, இடுப்பிலிருந்து இறக்கிவிட்டதும், பம்படி ஈரத்தில் தவழ்ந்து போய்க் குழாயைப் பிடித்து எழுந்து நின்றது. நின்ற சந்தோஷத்தில் உள்ளங்கையால் இரும்பைத் தட்டித் தட்டிச் சிரித்தது. மெயின் அணைந்துதான் இருந்தது. அது அம்சவல்லிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் ஒரு சத்தம் போட்டாள், கன்றைப் பறிகொடுத்த மாடு போடுகிற மாதிரி ஒரு சத்தம். குழந்தையை வாரி எடுத்தாள். அதன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மதிவதனியிடம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"தங்கையன் வீடு. அப்புறம் நஜ்மா டீச்சர் வீட்டுக் கொட்டாய். அப்புறம் கோயிலுக்குப் பின்னாடி ரெண்டு வீடு. நட, காட்டுறேன்."

ரெத்தினம் வீட்டு ஒயரை அவன் வெட்டியபோது அவள் பார்க்கவில்லை. தங்கையன் வீட்டில் மட்டும் ஒன்று கேட்டாள். மெயினை அணைப்பதற்கு முன்னால் ஒரு தரம் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு ஃபேன் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது, மண்ணிலும் ஈரம் இருந்தது. புகழேந்தி முதலில் தன் கையை வைத்துப் பார்த்தான். லேசான நமைச்சல், அவ்வளவுதான். கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டான்.

அம்சவல்லி சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். அவன் ரப்பர் பிடி போட்ட குறடை ஒயரில் வைத்துக் காத்திருந்தான். தங்கையன் வீட்டு ஆட்கள் விஷயம் புரியாமல் கதவோரம் நின்றார்கள். வெகுநேரம் ஆனது.

"ம்" என்றாள்.

அவன் வெட்டினான். வீட்டுக்குள் ஃபேன் நின்றது. அவள் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துவிட்டு, அடுத்த வீட்டை நோக்கி அவனுக்கு முன்னால் நடந்தாள்.